ஒரு கையெழுத்து போட்டேன், இன்னொன்று போடமாட்டேன்



போன மாதம் ஒரு காலையில் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம். என் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு வந்தான். கையில் ஒரு தாள்.

"பெரியப்பா, இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. சும்மா பேருக்குத்தான்."

வேதாரண்யம் பக்கத்தில் என் நிலம் மணல் மேட்டில் இருக்கிறது. அதற்கு மேற்கே, பள்ளத்தில், அவனுக்கு 6 ஏக்கர் நஞ்சை. அதை இறால் குட்டைக்குக் குத்தகைக்கு விடப்போகிறான். பக்கத்து நிலக்காரர்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"வச்சுட்டுப் போப்பா. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன்.

வங்கியில் 36 வருடம் வேலை பார்த்தவன் நான். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் நன்றாகப் படித்துவிட்டே தப்பாகப் போட்ட கையெழுத்து ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்தத் தாளைப் பற்றிப் பேச வேண்டும்.

1994-ல் போட்டது

அப்போது கடலோரக் கிளை ஒன்றில் கடன் பிரிவு அலுவலராக இருந்தேன். ஊரெல்லாம் இறால் பேச்சு. நீலப் புரட்சி என்றார்கள், டாலர் என்றார்கள். கடன் இலக்கு மேலிடத்திலிருந்து வரும். திட்ட அறிக்கை அச்சடித்தது போல ஒரே மாதிரி இருக்கும். பேரும் சர்வே எண்ணும் மட்டும் மாறும். ஓர் உழவர் தன் நாலு ஏக்கர் நெல் வயலைக் குட்டையாக்கக் கடன் கேட்டார். சிட்டா, அடங்கல், வில்லங்கம் எல்லாம் சரி. மூன்றாவது வருடமே கடன் அடைந்துவிடும் என்று கணக்கு சொன்னது. பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் அறுவடை நன்றாக வந்தது. அவர் கிளைக்கே இனிப்புப் பெட்டி கொண்டுவந்தார். அடுத்த முறை வெள்ளைப்புள்ளி நோய். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் 1994, 95-ல் கரையெல்லாம் அந்த நோய் அடித்தது நினைவிருக்கும். குட்டையோரம் இறால் செத்து ஒதுங்கிக் கிடந்தது. கடன் வாராக்கடன் ஆனது.

வசூலுக்காக அந்த ஊருக்குப் போனேன். கடன் வாங்கியவர் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா தன் கிணற்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை, கரித்தது. அவர் கேட்டார்:

"அவரு கடன் கட்டலைன்னா நீங்க அவரு நிலத்தை எடுத்துக்குவீங்க. என் கெணறு போனதுக்கு நான் யாரு நிலத்தை எடுத்துக்குறது சார்?"

எனக்குப் பதில் இல்லை. எங்கள் கடன் விண்ணப்பத்தில் பக்கத்து நிலத்துக்கு என்ன ஆகும் என்று கேட்கும் ஒரு கட்டம்கூடக் கிடையாது. இன்றும் அந்தச் சொம்பு ஞாபகத்துக்கு வரும்.

ஒரு ஏக்கருக்கு 80 டன்

அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய கணக்கை இப்போது போடுகிறேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் 40 லட்சம் லிட்டர். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. இறாலுக்காக நல்ல தண்ணீரைக் கலந்து 20 கிராமாகக் குறைத்தாலும், ஒரு ஏக்கர் குட்டையில் 80 டன் உப்பு நிற்கிறது. பத்து டன் லாரியில் எட்டு லோடு.

நம் வயலில் ஒருவன் எட்டு லோடு உப்பைக் கொட்டினால் சும்மா விடுவோமா? தண்ணீரில் கரைந்து வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். குட்டைக் கரை வழியாகக் கசியும். தண்ணீர் மாற்றும்போது வடிகாலில் வரும். அதே வடிகால்தான் நம் நெல் வயலுக்கும். உப்பைக் குறைக்கக் கலக்கும் அந்த நல்ல தண்ணீரும் நம் நிலத்தடியிலிருந்துதான் போகிறது.

மணல் மேடு என்னும் தண்ணீர்த் தொட்டி

2017-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, மணல் மேடு என்றால் வெறும் மணல் என்றே நினைத்தேன். உழவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

காற்று கொண்டுவரும் மணலை முதலில் பிடித்து வைப்பது ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும். அவை மணலை நகரவிடாமல் கட்டிப்போட்ட பிறகு தாழை வருகிறது, பனை வருகிறது. இப்படிப் பல தலைமுறைக் காலத்தில் எழுந்தது மேடு. அதில் விழும் மழை ஓடாது, உள்ளே இறங்கும். அடியில் கடலின் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பாடம். இதைத் திருப்பிப் படித்தால் பயமாக இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும்.

இந்தக் கணக்கு தெரியாமலேயே நம் முன்னோர் சரியாக நடந்துகொண்டார்கள். மேட்டில் ஆழமில்லாத ஊற்றுக்குழி வெட்டி, குடத்தால் மொண்டு ஊற்றிக் காய்கறியும் புகையிலையும் வளர்த்தார்கள். குடத்தால் மொள்ளும்போது தொட்டி காலியாகாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்த வருடமே ஆழ்துளை போட்டு 5 குதிரைத்திறன் மோட்டார் வைத்தேன். "சார், மேட்டுல மோட்டாரு வேணாம்" என்று களைக்கு வரும் பெரியவர் சொன்னார். கேட்கவில்லை. இரண்டாவது கோடையில் தண்ணீர் உவர்த்தது. குழாயை மூடிவிட்டு ஊற்றுக்குழிக்குத் திரும்பினேன். இறால்காரர் மட்டும்தான் குற்றவாளி என்று எழுத எனக்கு அருகதை இல்லை. ரசாயன உரம் போடாத உழவனும் மோட்டார் போட்டு நிலத்தைக் கெடுக்க முடியும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தது. என் 74 தென்னையில் 61 சாய்ந்தன. மேட்டின் முகப்பில் இருந்த பனைகளில் ஒன்றுகூட விழவில்லை. மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடத்தில் கடல் தண்ணீர் நேராக உள்ளே வந்தது. மேடு முழுசாக நின்ற இடத்தில் வரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதும் மணல் மேடும் மரங்களும் இருந்த இடங்களில் அலையின் வேகம் குறைந்தது. நாலுவேதபதியில் 2002-ல் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டார்கள். சுனாமியில் அந்த மரங்கள் ஊருக்குத் தடுப்பாக நின்றன.

இதைச் சொன்னால் உடனே எல்லாரும் சவுக்கு நடக் கிளம்புகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஊருக்கு முன்னால் சவுக்கு நிற்கட்டும். அலை வந்து தொடும் மணல் வரை நட்டால், பங்குனி ஆமை முட்டையிடும் இடம் போய்விடும். அடப்பங்கொடிக்கு வெயில் கிடைக்காது. முன்வரிசை கொடிக்கும் புல்லுக்கும், அடுத்தது தாழைக்கு, அதன் பின்னால் பனை, புன்னை, பூவரசு. இயற்கை வைத்திருந்த வரிசை இதுதான்.

கடலில் கலக்கும் தண்ணீர் வீணா?

இந்த இதழைப் படிக்கும் நண்பர்கள் சிலருக்கு அடுத்துச் சொல்லப்போவது கோபம் தரலாம்.

"ஆற்றுத் தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கிறது" என்று மேடையில் பேசுகிறோம், நம் தீர்மானங்களிலும் எழுதுகிறோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் போய்ப் பாருங்கள். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு என்று காவிரியின் கடைமடைக் கிளைகள் வந்து சேரும் இடம் அது. அந்த நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இடத்தில்தான் அலையாத்தி வளரும், இறாலும் நண்டும் மீனும் குஞ்சு வளர்க்கும். நல்ல தண்ணீர் வரத்துக் குறைந்து உப்பு ஏற ஏற, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் மிஞ்சுகிறது. முத்துப்பேட்டையில் இன்று பெரும்பகுதி அந்த ஒரு மரம்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் அலையாத்தியை மொத்தமாக வெட்டினார்கள். மரம் போனதும் வெயிலில் சேறு காய்ந்து அமுங்கி, தரை தட்டுபோலப் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் நின்று காய்ந்து, கடலைவிட அதிக உப்பானது. பிறகு அங்கே கன்றும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன்முள் போலக் கிளைவாய்க்கால்கள் வெட்டி, தண்ணீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். அதன் பிறகே பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நட்ட கன்று பிழைத்தது.

நமக்குப் புதிய பாடம் இல்லை இது. வடிகால் சரியில்லாத வயலில் எந்த உரம் போட்டும் பயனில்லை என்று நமக்குத் தெரியும். அலையாத்தியும் அப்படித்தான். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். வாய்க்காலைத் திறந்து வைப்பதுதான் வேலை. ஆற்றின் கடைசிப் பங்கு கடலுக்கும் சேர வேண்டியது. அதை வீண் என்று சொல்லும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

இறால் குட்டைகளை எதிர்த்து இதே நாகை மண்ணில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் போராடினார்கள். ஜெகந்நாதன் அய்யா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குட்டை கூடாது. விளைநிலம், உப்பளம், அலையாத்தி, சதுப்பு நிலம், காடு, ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றைக் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. நான் கையெழுத்துப் போட்ட நாலு ஏக்கரும் விளைநிலம்தான். அந்தத் தீர்ப்பை வங்கியில் உட்கார்ந்து செய்தித்தாளில் படித்தபோது, என்னைப் பற்றியே எழுதியது போல இருந்தது.

2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, பதிவு செய்தால் குட்டை வைக்கலாம் என்று வழி திறந்தது. 2009-ல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. தொழில் மறுபடி பெருகியது. 2023-ல் வந்த திருத்தம் மீறலுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக மாற்றியது.

ஆனாலும் 2005 சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டு நெறிகளைப் படித்துப் பாருங்கள். விளைநிலத்தையும் அலையாத்தியையும் குட்டையாக்கக் கூடாது. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பக்கத்து விளைநிலத்துக்கும் குட்டைக்கும் நடுவே, மண்ணைப் பொறுத்து, 50 முதல் 100 மீட்டர் இடைவெளி வேண்டும். தம்பி மகன் கொண்டுவந்த தாளில் இவை எதுவும் இல்லை. அவன் வயலுக்கும் என் ஊற்றுக்குழிக்கும் நடுவே ஒரு வரப்புதான் இருக்கிறது. இத்தனை நெறி இருந்தும் பக்கத்துக்காரனிடம் ஏன் எழுதி வாங்குகிறார்கள்? நாளைக்குத் தண்ணீர் கெட்டால், "அப்பவே நீ சம்மதிச்சு எழுதிக் குடுத்தியே" என்று சொல்வதற்கு.

அவன் பக்கத்து நியாயம்

தம்பி மகனைக் கெட்டவனாகக் காட்ட எனக்கு மனசில்லை. கஜாவில் வீட்டு ஓடெல்லாம் போனது. நகைக்கடன் இன்னும் மீளவில்லை. பெண் செவிலியர் படிப்பு படிக்கிறாள். "நெல்லுல ஏக்கருக்கு எட்டாயிரம் நின்னாலே பெரிசு பெரியப்பா. இவங்க வருஷத்துக்கு நாப்பதாயிரம், கையில ரொக்கமா தர்றாங்க. நீங்க பென்சன்காரரு, உங்களுக்குப் புரியாது" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. அதில் உண்மையும் இருக்கிறது. மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறவன் மணல் மேட்டைக் காப்பாற்றுங்கள் என்று எழுதுவது சுலபம். கடலோர உழவனுக்கு நெல்லில் வாழ வழியில்லாதபோது, குத்தகைப் பணத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நாம் யார்?

என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரு கணக்கு மட்டும் சொன்னேன். குத்தகை முடிந்து குட்டைக்காரர் போன பிறகு நிலம் உன்னிடம் திரும்பி வரும், உப்போடு வரும். அதை மீட்க வேண்டிய செலவு யார் தலையில்? சுனாமிக்குப் பிறகு நாகையில் உப்பேறிய வயல்களை நம்மாழ்வார் அய்யாவும் நம் நண்பர்களும் மீட்டதை நாம் அறிவோம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரை நிறுத்தி வடித்துத்தான் மீட்டார்கள். அது ஒருமுறை வந்துபோன அலை. வருடக்கணக்கில் 80 டன் நின்ற இடத்தை அப்படிச் சுலபமாக மீட்க முடியாது.

"நாப்பதாயிரம் என்னால முடியாதுப்பா. பதினஞ்சு நான் தர்றேன். குழியடிச்சான், களர்பாலை ரெண்டும் போட்டுப் பார்ப்போம். உவரைத் தாங்குற நெல்லு. விதை நம்ம குழுவுல இருக்கு. நெல்லாக் குடுக்காம அரிசியா, அவலா வித்தா கூடக் கிடைக்கும்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனான். இன்னும் சொல்லவில்லை. வீட்டில் என் மனைவிக்கும் வருத்தம். சொந்தத்தில் விரிசல் விழுமே என்ற கவலை.

நாம் என்ன செய்யலாம்?

கடலோரத்தில் நிலம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

முதலாவது, படிக்காமல் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். குட்டை வரும் இடம் அடங்கலில் நஞ்சையா, புஞ்சையா என்று பாருங்கள். குடிநீர்க் கிணறு எத்தனை மீட்டர் என்று நாடா வைத்து அளந்து, கிராம சபையில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். வாயால் பேசியது நிற்காது. தீர்மான நோட்டில் ஏறியதுதான் நிற்கும். வங்கியில் கற்ற பாடம் இது.

இரண்டாவது, ஒவ்வொரு குழுவும் ஓர் ஈ.சி. மீட்டர் வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஊரில் ஐந்து கிணற்றை அளந்து நோட்டில் எழுதுங்கள். 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. என் ஊற்றுக்குழி ஜனவரியில் 0.9, ஜூனில் 1.4. நாளைக்குக் குட்டை வந்து தண்ணீர் கெட்டால், இந்த நோட்டுதான் சாட்சி. அன்றைக்கு அந்த அம்மாவிடம் சொம்புத் தண்ணீர் இருந்தது, நோட்டு இல்லை.

மூன்றாவது, மணலை லோடு கணக்கில் விற்காதீர்கள். மேட்டைக் குறுக்கே வெட்டிப் பாதை போடாதீர்கள். வளைத்து மேலே ஏற்றிப் போடுங்கள். சீமைக் கருவேலத்தை எடுத்த இடத்தில் வெற்றிடம் விடாமல் பனங்கொட்டை ஊன்றுங்கள். மேட்டில் மோட்டார் வைத்திருந்தால் ஓட்டும் நேரத்தைக் குறையுங்கள்.

நான்காவது, நம் இயக்கத்துக்கு. உயிர்வேலி, மூடாக்கு, அமுதக்கரைசல் என்று நிலத்துக்குள் நடப்பதை நிறையப் பேசிவிட்டோம். கடலோர உழவனுக்கு மணல் மேடு உயிர்வேலி, அலையாத்தி வரப்பு. அடுத்த பயிற்சி முகாமைக் கோடியக்கரையில் வையுங்கள். 1967-லிருந்து சரணாலயம், 2002-லிருந்து ராம்சர் ஈரநிலம். வெளிமானையும் பூநாரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பாலை மரம் நிற்கும் மணலைத் தோண்டி அதன் ஈரத்தையும் பார்த்துவிட்டு வருவோம். மீனவ நண்பர்களையும் கூப்பிடுங்கள். வடிகாலில் இறங்கும் கழிவு அவர்கள் வலைக்கும்தான் வருகிறது.

தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடப்போவதில்லை. ஆனால் ஆள் மூலம் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே தம்பி வீட்டுக்குப் போகிறேன். தாளோடு ஒரு மரக்கால் குழியடிச்சான் விதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். வாங்குவானா என்று தெரியாது.